ராப்பபோர்ட் என்ற பெயருக்கு வாங்கிய வரலாற்றுச் சுருள்: ஒரு மதிப்புரை

என் மகளின் ஆய்வு நெறியாளர் சென்ற ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றார். ராப்பபோர்ட் என்ற யூதப் பெயர் அவருடைய குடும்பப்பெயர். மாணவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவுப்பரிசு கொடுக்க நினைத்தபோது, குடும்பப்பெயரின் வரலாற்றை எழுதி, குலச்சின்னத்தோடு அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை இணையத்தில் கண்டார்கள். ஆவணக் காப்பகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், "அம்மா, இது நம்பி வாங்கக்கூடியதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று மகள் கேட்டாள். பார்க்காமல் சொல்ல முடியாது என்பதால், தபால் செலவும் சேர்த்து ஏறத்தாழ 8,000 ரூபாய் கொடுத்து என் முகவரிக்கே ஒன்றை வரவழைத்தேன். அந்தச் சுருளைப் பற்றியும், அது சொல்லத் தவறிய வரலாற்றைப் பற்றியும் எழுதுவதே இந்த மதிப்புரை. இதே போன்ற பொருளைப் பல நிறுவனங்கள் விற்பதால், ஒன்றன் பெயரை மட்டும் குறிப்பிடவில்லை.

பொருளின் தரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. மூன்று வாரத்தில் வந்து சேர்ந்தது. மூலைகளில் அட்டை வைத்துக் கவனமாகக் கட்டியிருந்தார்கள். தாள் தடிமனானது, பழுப்பேறிய தோற்றம் வரும்படி சாயம் ஏற்றப்பட்டிருந்தது. எழுத்துகள் கூர்மையாகவும் மை பரவாமலும் இருந்தன. சட்டம் மரத்தூள் பலகை என்றாலும் மேற்பூச்சு நேர்த்தியாக இருந்தது.

எனக்கு ஐயம் எழுந்தது பொருள் வருவதற்கு முன்பே, விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய அன்றே. அதில் கேட்கப்பட்டவை மூன்று: குடும்பப்பெயர், சட்டத்தின் நிறம், அடியில் அச்சிட வேண்டிய வாழ்த்து வரி. குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் காலத்தில் புறப்பட்டது, பெயரை முன்னோர் எப்படி எழுதினார்கள் என்று ஒரு கேள்வியும் இல்லை. ஊரைக் கேட்காமல் ஒரு யூதக் குடும்பத்தின் வரலாற்றை எழுத முடியாது. ஒரே பெயரைத் தாங்கியவர்கள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு காரணங்களால் அதைப் பெற்றிருக்கிறார்கள். ஊர் தெரிந்தால்தான் எந்த அரசின் பதிவேட்டை எந்த மொழியில் தேடுவது என்பதே தெரியவரும். படிவத்தில் அந்தக் கட்டம் இல்லாதபோது, பெயரைத் தட்டச்சு செய்தவுடன் முன்பே எழுதி வைத்த ஒரு பத்தி அச்சாகி வருகிறது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

சுருளில் இருந்த பத்திகள் மூன்று செய்திகளைச் சொல்லின. ராப்பபோர்ட் குடும்பம் போர்த்துகலின் போர்த்தோ நகரத்தைச் சேர்ந்தது, 1497இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டது என்பது முதலாவது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் சிங்கமும் அதற்கு மேல் தலைக்கவசமும் கொண்ட சின்னம் அவர்களுடைய பரம்பரைக் குலச்சின்னம் என்பது இரண்டாவது. நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரின் எழுத்துகளை மாற்றினார்கள், அதனால்தான் இன்று பல வடிவங்கள் வழங்குகின்றன என்பது மூன்றாவது. மூன்றுமே பிழை. அதைவிட வருத்தம் தருவது, இந்தப் பிழைகள் வந்து உட்கார்ந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய உண்மையான கதை இவற்றைக் காட்டிலும் பலமடங்கு அழகானது என்பதே.

ராப்பபோர்ட் என்பது இரண்டு சொற்கள் ஒட்டி உருவான பெயர். முதற்பாதியான ராப்பா, அண்டங்காக்கையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. ரைன் ஆற்றங்கரையில் உள்ள மைன்ஸ் நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் குடும்பத்தினர் கோஹேன்கள். அதாவது மோசேயின் அண்ணனான ஆரோனின் வழிவந்த ஆசாரியர் மரபினர். மைன்ஸ் யூதர்கள் 1438இலும் மறுபடி 1462இலும் நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த நூற்றாண்டில் ஜெர்மானிய நகரங்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடியபோது, பல குடும்பங்கள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வட இத்தாலிக்கு வந்து சேர்ந்தன. வெனிஸ் குடியரசின் நிலப்பகுதியில் ராப்பா என்ற பெயர் காணப்படுவது இந்தப் புலப்பெயர்வின் விளைவு.

இரண்டாம் பாதியான போர்த்தோ ஓர் ஊர்தான். ஆனால் அது போர்த்துகலில் இல்லை. இத்தாலியில் வெரோனாப் பகுதியில் அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் இருந்தது. ராப்பா குடும்பத்தின் மற்றக் கிளைகளிலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டுவதற்காக அங்கே வாழ்ந்தவர்கள் போர்த்தோவின் ராப்பா என்று எழுதிக்கொண்டார்கள். காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. துறைமுகம் என்ற பொருளில் தென் ஐரோப்பாவில் பல இடங்களில் போர்த்தோ என்ற ஊர்ப்பெயர் இருப்பதால், பெரிய நகரமே நினைவுக்கு வருவது இயல்பு. மருத்துவரைக் குறிக்கும் ரோஃபே என்ற ஹீப்ருச் சொல்லோடு போர்த்தோவைச் சேர்த்து, போர்த்தோவின் மருத்துவர் என்று பொருள் சொல்வாரும் உண்டு. கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் குடும்பத்தினரே காகத்தைத் தம் அடையாளமாக அச்சிட்டு வைத்திருக்கும்போது மருத்துவருக்கு அங்கே இடமில்லை என்பது என் கருத்து. போர்த்துகல் கதையில் இன்னொரு பிழையும் இருக்கிறது: 1496 டிசம்பரில் வெளியேற்ற ஆணை பிறந்தது உண்மை என்றாலும், 1497இல் அங்கே நடந்தது பெரும்பாலும் வெளியேற்றம் அன்று, கட்டாய மதமாற்றம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த மக்களின் வரலாற்றில் மிகப் பெரியது. ஒரு வரியில் கலந்துவிடக்கூடியது அன்று.

இனி சின்னத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய வழக்கில் குலச்சின்னம் என்பது ஒருவருக்கோ அவருடைய வழித்தோன்றல்களுக்கோ உரியது. ஒரு குடும்பப்பெயரைத் தாங்கிய எல்லாருக்கும் பொதுவாகச் சின்னம் என்று ஒன்று கிடையாது. பெரும்பான்மையான யூதக் குடும்பங்களுக்குச் சின்னமே இருந்ததில்லை. அப்படியிருக்க, உண்மையாகவே தனக்கென ஓர் அடையாளச் சின்னத்தை அச்சிட்டு வைத்த மிகச் சில குடும்பங்களில் ராப்பபோர்ட் ஒன்று. ஆபிரகாம் மெனாஹெம் ராப்பா என்ற அறிஞர் யூதர்களின் மறைநூலான தோராவுக்கு எழுதிய மின்ஹா பெலூலா என்ற உரைநூல் 1594இல் வெரோனாவில் அச்சானது. அந்த நூலில் அவர் தம் குடும்பச் சின்னத்தைச் சேர்த்திருக்கிறார். அதன் படிமம் இன்று இணையத்தில் இலவசமாகக் காணக் கிடைக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். ராப்பா என்ற பெயருக்கு ஓர் அண்டங்காக்கை; அதற்கு மேல், ஆசாரியர்கள் சபைக்கு ஆசி கூறும்போது பிடிப்பதைப் போல விரித்த இரண்டு கைகள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றாகவும், நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகவும் சேர்ந்திருக்க, இடையில் வெளி விட்டுப் பிடிக்கும் அந்த முத்திரை, கோஹேன்களின் கல்லறைக்கற்களில் இன்றும் செதுக்கப்படுகிறது. பெயரும் மரபும் அடங்கிய இப்படிப்பட்ட ஒரு சின்னம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் ஒரு மஞ்சள் சிங்கத்தை அச்சிட்டு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆபிரகாம் மெனாஹெம் இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்கப்பட வேண்டியவர். 1553 அக்டோபரில் வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. அந்த நெருப்பின் துயரத்தை அவர் தம் உரைநூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் அந்த நாளில் நோன்பிருப்பதையும் பதிவு செய்திருக்கிறார். காகச் சின்னத்தைத் தாங்கிய அதே புத்தகம் எரிந்த புத்தகங்களுக்கான அழுகையையும் தாங்கியிருக்கிறது.

இத்தாலியிலிருந்து பெயர் வடகிழக்கே நகர்ந்தது. இன்றைய உக்ரைனில் உள்ள லிவிவ் நகரில் வாழ்ந்த ஆபிரகாம் ராப்பபோர்ட் (1584–1651) போலந்துக் கிளையில் முக்கியமானவர். 1759இல், தம்மை மீட்பர் என்று சொல்லிக்கொண்ட ஃபிராங்க் என்பவரைப் பின்பற்றிய குழுவினருக்கும் யூத மதகுருக்களான ரபிகளுக்கும் லிவிவ் பேராலயத்தில் நடந்த பொது வாதத்தில் யூதர் தரப்பில் நின்றவர் அந்நகர ரபி ஹாயிம் கோஹேன் ராப்பபோர்ட். அதே நகரில் 1790இல் பிறந்த சாலமோன் யூதா லைப் ராப்பபோர்ட், 1837இல் டார்னோபோல் நகரின் ரபியானார்; 1840இல் பிராகாவுக்குச் சென்று 1867இல் அங்கேயே இறந்தார். இடைக்கால அறிஞர்களின் வாழ்க்கையை மூல நூல்களைக் கொண்டு ஆராய்ந்து, அவர்கள் எந்தக் காலத்தில் எந்த ஊரில் வாழ்ந்தார்கள் என்று நிறுவும் முறைக்கு முன்னோடிகளில் ஒருவர் அவர். ரஷ்யப் பேரரசின் பக்கம் பார்த்தால், வித்தெப்ஸ்க் பகுதியில் 1863இல் பிறந்த ஷ்லோய்மெ ஸைன்வில் ராப்பபோர்ட் இருக்கிறார். அன்ஸ்கி என்ற புனைபெயரில் அறியப்பட்ட இந்த நாடகாசிரியர் 1912 முதல் 1914 வரை இன்றைய உக்ரைனின் வோலினியா, பொடோலியா பகுதிகளின் கிராமங்களில் அலைந்து பாட்டிகளின் கதைகளையும் பாடல்களையும் சடங்குகளையும் சேகரித்தார். பிறருடைய மரபையெல்லாம் திரட்டிய அவர், தம் குடும்பப்பெயரை மட்டும் எழுதும்போது கைவிட்டார் என்பது எனக்கு எப்போதும் மனத்தைத் தொடும் செய்தி. இவர்களில் ஒருவரின் பெயர்கூட நான் வாங்கிய சுருளில் இல்லை.

எல்லிஸ் தீவுக் கதையையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் இதைப் பலர் உண்மை என்றே நம்புகிறார்கள். 1892 முதல் 1954 வரை இயங்கிய அந்த நிலையத்தில் அதிகாரிகள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை; கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தார் எழுதிக் கொண்டுவந்த பயணியர் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரின் வடிவங்கள் பலவாவதற்குக் காரணம் அதற்கு முன்பே ஐரோப்பாவில் இருக்கிறது. ஹீப்ரு எழுத்தில் ஒரே மாதிரியாக இருந்த பெயர், போலந்து எழுத்தருக்கு ஒரு விதமாகவும், ஜெர்மன் எழுத்தருக்கு வேறு விதமாகவும், ரஷ்ய எழுத்தருக்கு இன்னொரு விதமாகவும் ஒலித்தது. அமெரிக்கா வந்தபின் மாற்றிக்கொண்டவர்கள், பெரும்பாலும் தாங்களாகவே, வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள்.

இந்த வடிவ வேறுபாட்டைச் சமாளிக்க 1985இல் கேரி மொக்கோட்டாஃப், ராண்டி டேச் என்ற இருவர் உருவாக்கிய ஒலிக்குறியீட்டு முறை யூத வம்சாவளித் தேடலில் இன்றும் அடிப்படைக் கருவியாக இருக்கிறது. அது உயிரொலிகளை விட்டுவிட்டு மெய்யொலிகளுக்கு எண் கொடுக்கிறது. ஒற்றைப் பகரமோ இரட்டைப் பகரமோ, அகரமோ ஒகரமோ, ராப்பபோர்ட்டின் எல்லா வடிவங்களும் 977930 என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கும். ஒரு வடிவத்தைத் தேடினால் மற்ற வடிவங்களும் கிடைத்துவிடும். ஜூயிஷ்ஜென் என்ற யூத வம்சாவளித் தளத்தின் தேடுபெட்டியில் இந்த முறை உள்ளேயே அமைந்திருக்கிறது.

இங்கேதான் காசு கொடுத்து வாங்கியதையும் காசில்லாமல் கிடைப்பதையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஜூயிஷ்ஜென் இலாப நோக்கமற்றது. பதிவு செய்துகொண்டால் பெரும்பாலான தரவுகளை இலவசமாகவே தேடலாம். போலந்துப் பதிவேடுகளுக்கு ஜேஆர்ஐ போலந்து, இன்றைய தென்கிழக்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் அடங்கிய கலிசியப் பகுதிக்குக் கெஷர் கலிசியா என்று தன்னார்வலர்கள் நடத்தும் அமைப்புகள் தனித்தனியே இருக்கின்றன. டெல் அவீவில் உள்ள அனு அருங்காட்சியகத்தின் குடும்பப்பெயர்த் தரவுத்தளம் பெயரின் பொருளையும் அதைத் தாங்கிய குறிப்பிடத்தக்கவர்களையும் சுருக்கமாகச் சொல்கிறது. நாட்சிகளால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை எருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகம் திரட்டியிருக்கிறது. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. ராப்பபோர்ட் என்ற பெயரை அதில் தேடிய மாலை, வரிசை வரிசையாக வந்த ஊர்களையும் வயதுகளையும் பார்த்தபின் வேறு வேலை எதிலும் மனம் செல்லவில்லை. ஒரு குடும்பப்பெயரின் புலப்பெயர்வு வரலாற்றை 1900இல் நியூயார்க்கில் இறங்கியதோடு முடித்துவிடும் எந்தச் சுருளும், ஊரிலேயே தங்கியவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இலவசத் தளங்களிலும் சிரமங்கள் உண்டு. பதிவேடுகள் ஜெர்மனிலும் போலந்து மொழியிலும் ரஷ்யனிலும் இருக்கும். அட்டவணைக் குறிப்புகளைப் படிக்கப் பழக்கம் வேண்டும். ஒரே பெயரில் ஒரே ஊரில் நால்வர் இருந்தால் யார் நம்மவர் என்று பிரித்தறியப் பொறுமை வேண்டும். நேரமில்லாதவர்கள் ஒரு தொழில்முறை வம்சாவளி ஆய்வாளரை அமர்த்துவதில் தவறில்லை. ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வி ஊரைப் பற்றியதாக இருக்க வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு செய்திக்கும் அது எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நான் வாங்கிய சுருளில் ஒரு வரிக்குக்கூட ஆதாரம் இல்லை. ஐந்துக்கு ஒரு மதிப்பெண் கொடுப்பேன். அது தாளுக்கும் சட்டத்துக்கும் உரியது.

குறைகளை எழுதி அனுப்பியபோது நிறுவனம் பாதித் தொகையைத் திருப்பிக் கொடுத்தது. பத்தியைத் திருத்துவதாகச் சொல்லவில்லை. மாணவர்களிடம் இதை விட்டுவிடச் சொல்லி, காகச் சின்னத்தையும் மைன்ஸிலிருந்து லிவிவ் வரையிலான வரைபடத்தையும் சேர்த்து நாமே ஒன்று செய்யலாம் என்று யோசனை கூறினேன். அதற்கு முன் பேராசிரியரின் குடும்ப ஊர் எது என்று கேட்கச் சொன்னேன். டார்னோபோல் பக்கம் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நியூயார்க்கில் உள்ள தாத்தாவின் கல்லறைக்கல்லைப் படம் எடுத்து அனுப்பினார்.

அந்தப் படம் என் திட்டத்தையே மாற்றிவிட்டது. கல்லின் மேற்புறத்தில் விரித்த கைகள் இல்லை. அங்கே கைப்பிடியும் வளைந்த மூக்கும் உள்ள ஒரு நீர்க்குடுவை செதுக்கப்பட்டிருந்தது. அது லேவியரின் அடையாளம். ஆசாரியர்கள் ஆசி கூறுவதற்கு முன் அவர்களுடைய கைகளில் தண்ணீர் ஊற்றுவது லேவியரின் கடமை. கோஹேன் என்பதும் லேவியர் என்பதும் தந்தை வழியாக மட்டுமே வருபவை. ஆகவே லேவியரான இந்தத் தாத்தா, கோஹேன் குடும்பத்தின் பெயரான ராப்பபோர்ட்டைத் தந்தையிடமிருந்து பெற்றிருப்பது கடினம்.

கலிசியாவின் வரலாறு தெரிந்தவர்களுக்கு விடை எங்கே இருக்கக்கூடும் என்பது புரியும். 1772இல் ஆஸ்திரியாவின் கைக்கு வந்த அந்தப் பகுதியில், பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787 ஜூலையில் பிறப்பித்த ஆணையின்படி எல்லா யூதர்களும் நிலையான குடும்பப்பெயர் கொள்ள வேண்டியதாயிற்று. திருமணத்தை அரசிடம் பதிவு செய்யச் செலவும் தடைகளும் இருந்ததால், பெரும்பாலான இணையர் ரபியின் முன் மணம் செய்துகொண்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். அரசின் கண்ணில் அது திருமணமே அன்று; பிள்ளைகள் தாயின் பெயரிலேயே பதிவானார்கள். தலைமுறைகளுக்கு இது தொடர்ந்தது. கலிசியக் குடும்பம் ஒன்றின் பெயர், தாய்வழியாகவே இறங்கி வந்திருக்கலாம் என்பதைப் பெயரகராதிகள் சொல்வதில்லை.

இரண்டு மாதத் தேடலுக்குப் பிறகு, டார்னோபோலுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரின் பிறப்புப் பதிவேட்டில் தாத்தாவின் வரி கிடைத்தது. பிறந்த தேதி கல்லறைக்கல்லோடு பொருந்தியது. தந்தையின் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. தாயின் கட்டத்தில், ஒற்றைப் பகரத்தோடு, சாய்ந்த எழுத்தில் ராப்பபோர்ட் என்று எழுதியிருந்தது.

மாணவர்கள் கொடுத்த பரிசில் இப்போது காகம் இருக்கிறது. விரித்த கைகளுக்குப் பக்கத்தில் நீர்க்குடுவையும் இருக்கிறது. கீழே மைன்ஸ், போர்த்தோ, லிவிவ், அந்தச் சிற்றூர், நியூயார்க் என்று ஒரு கோடு ஓடுகிறது. போர்த்தோவுக்கும் சிற்றூருக்கும் இடைப்பட்ட பகுதி, அந்தத் தொடர்புக்குச் சான்று இல்லாததால், இடைவெளி விட்டுவிட்டு வரையப்பட்டிருக்கிறது. நன்றிக் கடிதத்தில் பேராசிரியர் ஒரு திருத்தம் கேட்டிருந்தார்: தாத்தாவின் தாயாருடைய பெயரைச் சிற்றூருக்கு அருகில், தம் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதித் தர முடியுமா என்று. மகள் அதை மறுபடி அச்சிடக் கொடுத்திருக்கிறாள்.